கேமரா மாட்டியாச்சு... காட்சி ஏன் வரலை?

வாசலில் ஒரு கண் வைத்துவிடுகிறோம். அந்தக் கண் பார்த்ததை வெளியே கொண்டுபோக வழி இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் கடைசியில்தான் யோசிக்கிறோம்.

மாலை ஐந்தரை மணி. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனி வீடு. போர்ட்டிகோ மூலையில் சாய்த்த ஏணியின் மேல்படியில், ஒரு கையில் வைஃபை கேமராவும் மறு கையில் செல்போனுமாக நிற்கிறார் மாட்ட வந்த இளைஞர். ‘வைஃபையுடன் இணைகிறது, காத்திருக்கவும்’ என்று கேமராவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொல்கிறது. சிவப்பு விளக்கு மினுங்குகிறது. மறுபடியும் அதே குரல்.

“தம்பி, ஹால்ல வெச்சுப் பார்த்தப்ப உடனே வந்துச்சே?” என்கிறார், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

“அங்க ரவுட்டர் பக்கத்துலயே இருந்துச்சு சார். இங்க ஒரு பாயிண்ட்தான் காட்டுது.”

ஒருவழியாக இணைந்துவிட்டது. நியூஜெர்சியில் அப்போது காலை எட்டு மணி. ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் மகன் ஆப்பைத் திறக்கிறார். “அப்பா, சுத்திக்கிட்டே இருக்குப்பா. நடுவுல ஒரு தடவை உங்க செருப்பு தெரிஞ்சுது, அப்புறம் போயிடுச்சு.”

“நூறு எம்பிபிஎஸ் ப்ளான்டா போட்டிருக்கேன்!” போனைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறார் ஆசிரியர்.

ஊரை மாற்றினால் சிவகாசி, தெருவை மாற்றினால் தாம்பரம். கேமரா மாட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடம். சென்னையில் 2017-க்குப் பிறகு காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமராக்களை ஊக்குவித்தது. அதன்பின் ஃபைபர் இணைப்பு வீட்டு வாசலுக்கு வந்தது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் சுழலும் கேமராவே கிடைக்க ஆரம்பித்தது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்புகிறார்கள். டப்பாவின் மேல் மெகாபிக்சல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எவ்வளவு நெட் வேண்டும் என்பது எங்கும் இல்லை, அல்லது உள்ளே இருக்கும் தாளில் எறும்பு எழுத்தில் இருக்கிறது.

நூறு எம்பிபிஎஸ் எந்தப் பக்கம்?

சினிமா பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், ரீல்ஸ் தள்ளுகிறோம். இவை எல்லாம் வெளியிலிருந்து வீட்டுக்கு வருபவை, அதாவது டவுன்லோடு. கேமரா மட்டும் தலைகீழ். வீட்டிலிருந்து வெளியே அனுப்புவதுதான் அதன் முழுநேர வேலை. எனவே அதற்குத் தேவை அப்லோடு வேகம். விளம்பரப் பலகையில் இருக்கும் 100, 200 எல்லாம் முதலில் டவுன்லோடு கணக்கு. அப்லோடு அதே அளவு இருக்கிறதா என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது.

ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் கவலை இல்லை. ஜியோ ஃபைபர் 2020 செப்டம்பரில் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் திட்டத்தை அறிமுகப்படுத்தியபோதே, இரு திசையிலும் ஒரே வேகம் என்று சொல்லித்தான் விற்றது. பழைய செப்புக் கம்பி பிராட்பேண்ட் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு அப்லோடு 1 எம்பிபிஎஸ் சுற்றித்தான் நிற்கும். ஒரு கேமராவுக்கே அது திணறல்.

நடுவில் புதிதாக வந்திருப்பது ஏர்ஃபைபர். மொட்டைமாடியில் ஒரு பெட்டி, 5ஜி அலையில் இணையம். கேபிள் வராத புறநகர் மனைகளுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் 5ஜி அலைவரிசையில் டவர் தன் நேரத்தின் பெரும்பகுதியை டவுன்லோடுக்கே ஒதுக்குகிறது. வேகம் காட்டும் ஆப்பில் முதல் எண் பளபளக்கும், இரண்டாவது எண் அதில் சிறு பங்காக இருக்கும். கேமராக்காரர் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணை. அதையும் இரவு எட்டு மணிக்குப் பார்க்க வேண்டும், தெருவே நெட்டில் இருக்கும் நேரம் அது.

---
பெட்டிச் செய்தி: எவ்வளவு இழுக்கும்?
(விடாமல் ஓடினால், ஒரு கேமராவுக்குத் தோராயக் கணக்கு)

1080பி, பழைய எச்.264 முறை: 2 எம்பிபிஎஸ். ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, 30 நாளைக்கு 648 ஜிபி.

1080பி, புதிய எச்.265 முறை: 1 எம்பிபிஎஸ். ஒரு நாளைக்கு 10.8 ஜிபி, 30 நாளைக்கு 324 ஜிபி.

4 மெகாபிக்சல்: 3 முதல் 4 எம்பிபிஎஸ்.

4கே: 8 எம்பிபிஎஸ். ஒரு நாளைக்கு 86 ஜிபிக்கு மேல்.

ஆப்பில் ‘எச்டி’யிலிருந்து ‘எஸ்டி’க்கு மாற்றினால்: அரை எம்பிபிஎஸ் அல்லது அதற்கும் கீழ்.

வேகத்தைச் சொல்வது மெகாபிட்டில், கோப்பின் அளவைச் சொல்வது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். இந்த எட்டை மறந்தால் கணக்கு எட்டு மடங்கு தப்பும்.
---

இருபத்து மூன்றாம் நாள்

பெட்டியில் உள்ள எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாதாரண வைஃபை கேமரா எல்லா நேரமும் வெளியே அனுப்புவதில்லை. யாராவது ஆப்பைத் திறந்து பார்க்கும்போது அனுப்பும். அசைவு தெரிந்தால் சில நொடிக் காட்சியை அனுப்பும். 2 எம்பிபிஎஸ்ஸில் முப்பது நொடிக் காட்சி 7.5 மெகாபைட்தான். ஒரு நாளைக்கு நூறு முறை அனுப்பினாலும் முக்கால் ஜிபி.

கணக்கு மாறுவது, 24 மணி நேரமும் கிளவுடில் பதிவு செய்யும் சந்தாவை எடுக்கும்போது. ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3300 ஜிபி என்ற வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். ஏர்ஃபைபர் திட்டங்களில் பல 1000 ஜிபியோடு நிற்கின்றன. 2 எம்பிபிஎஸ் கேமராக்கள் இரண்டு இடைவிடாமல் கிளவுடுக்கு அனுப்பினால் ஒரு நாளைக்கு 43.2 ஜிபி. இருபத்து மூன்று நாளில் 1000 ஜிபி தீர்ந்துபோகும். இருபத்து நான்காம் நாள் முதல் வேகம் சரியும். வீட்டில் ஒருவர்கூட சினிமா பார்க்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. பார்த்தால் இன்னும் முன்னாலேயே.

அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. கேமரா வந்த வாரத்திலிருந்து மகளின் ஆன்லைன் வகுப்பு நிற்கிறது, மருமகனின் மீட்டிங்கில் குரல் உடைகிறது. ‘நெட் ஸ்பீடு நல்லாத்தானே இருக்கு’ என்று டவுன்லோடைச் சோதித்துக் குழம்புகிறார்கள். வீடியோ அழைப்பும் அப்லோடு பாதையில்தான் போகிறது. அதுமட்டுமல்ல, எதை டவுன்லோடு செய்தாலும், ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு சின்னத் தகவல் திரும்பிப் போயாக வேண்டும். அந்தப் பாதையில் நான்கு கேமராக்கள் மூட்டையோடு நின்றால், ரேஷன் கடையில் கையெழுத்து மட்டும் போட வந்தவரும் அதே வரிசையில் நிற்க வேண்டியதுதான். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் சேர்ந்து இழுபடுவது இதனால்தான்.

கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு வரும் என்று கூட்டி, அதைப்போல இரண்டு மடங்கு அப்லோடு இருந்தால் வீட்டில் சண்டை வராது. நான்கு கேமரா, தலா 2 என்றால் 8. இணைப்பில் 16 இருக்கட்டும். பார்ப்பவர்களையும் கணக்கில் வைக்க வேண்டும். பல மாடல்களில் பெங்களூரிலிருந்து மகளும் துபாயிலிருந்து மகனும் ஒரே நேரத்தில் திறந்தால் கேமரா அதே படத்தை இரண்டு தடவை அனுப்புகிறது.

தெருவைப் பார்த்த கேமராவுக்கு இன்னொரு வியாதி உண்டு. போகிற பைக், குறுக்கே ஓடும் நாய், ஆடும் முருங்கைக் கிளை எல்லாமே அதற்கு ‘அசைவு’. ஆப்பில் ஆக்டிவிட்டி ஸோன் என்ற வசதி பெரும்பாலும் இருக்கும். கேட்டுக்கு உள்ளே மட்டும் கட்டம் போட்டால் டேட்டாவும் மிச்சம், நள்ளிரவில் போன் கத்துவதும் நிற்கும். இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் வீட்டுக்காரர் அறிவிப்பையே அணைத்துவிடுவார். பிறகு திருடன் வந்தாலும் போன் ஊமைதான்.

சுவர் சொல்லும் பதில்

ஆசிரியர் வீட்டுச் சிக்கலுக்கு வருவோம். ஃபைபரில் நூறு இருந்தது, போர்ட்டிகோவில் ஒரு பாயிண்ட். இடையில் இருந்தவை இரண்டு சுவரும் ஓர் இரும்புக் கிராதியும்.

வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும். வேகம் குறைவு, ஆனால் சுவரைத் துளைத்துப் போகும் திறன் 5 கிகாஹெர்ட்ஸைவிட அதிகம். ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் 5-இல் ஏறிக்கொள்ளும், கேமரா 2.4-இல் தேடிக்கொண்டிருக்கும். அந்தப் பெண் குரல் ‘காத்திருக்கவும்’ என்று அலுக்காமல் சொல்வதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ரவுட்டர் அமைப்பில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, போனை அதில் ஏற்றிவிட்டு அமைத்தால் இணைந்துவிடும்.

2.4-இன் எதிரி நெரிசல். அதில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. ஓர் அடுக்ககத்தில் முப்பது வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதே பக்கத்தில்தான். செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு வேறு தொல்லை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டில் கனத்த சுவர்களைத் தாண்டி ஒரு ரவுட்டர் பின்வாசலை எட்டிப்பிடிக்கும் என்று நம்புவது பேராசை. கான்கிரீட்டுக்குள் கம்பி, பீரோ, ஷட்டர், தண்ணீர்த் தொட்டி, நிலைக்கண்ணாடி எல்லாம் அலையை விழுங்கும் அல்லது திருப்பி அடிக்கும்.

ஓட்டை போடும் முன் ஒரு சோதனை போதும். கேமரா வரப்போகும் இடத்தில், கதவை அடைத்துவிட்டு, 2.4-இல் இணைந்த போனில் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். சிக்னல் அளவைக் காட்டும் ஆப் இருந்தால் மைனஸ் 65 டிபிஎம் வரை தெம்பு. மைனஸ் 70-ஐத் தாண்டினால் மழை நாளில், இரவில், யாராவது கதவைச் சாத்தினால் அறுபடும். மைனஸ் 80 என்றால் அங்கே வைஃபை கேமரா வேண்டாம்.

ஐந்நூறு ரூபாய் எக்ஸ்டெண்டர் வாங்கி நடுவில் சொருகுவதைப் பலர் செய்கிறார்கள். ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பிக் கொடுப்பதால் வேகத்தில் பாதி அங்கேயே போய்விடும். ஒரு கேமராவுக்கு அது தாங்கும், மூன்றுக்குத் தாங்காது. அதைவிட ரவுட்டரிலிருந்து ஒரு லேன் ஒயரை இழுத்து முன்கட்டில் இரண்டாவது ரவுட்டர் வைப்பது உருப்படியான வழி.

ஒயர் இழுக்கத் துணிந்துவிட்டால், கேள்வி இன்னும் ஒரு படி மேலே போகிறது: வைஃபை எதற்கு? பிஓஇ என்ற முறையில் ஒரே லேன் ஒயர் கரண்டையும் காட்சியையும் 100 மீட்டர் வரை கொண்டுபோகும். புது வீடு கட்டுபவர்கள், பூச்சுக்கு முன்னால் நான்கு மூலைக்கும் பைப்புக்குள் லேன் ஒயரைப் போட்டுவிடுவது நல்லது. ‘ஒயர்லெஸ்’ என்று விற்கும் கேமராவுக்கும் கரண்டுக்கு ஓர் ஒயர் போயே தீர வேண்டும் என்பது ஏணியில் ஏறிய பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

பேட்டரி கேமராவுக்கு அந்த ஒயரும் வேண்டாம். ஆனால் அது தூங்கிக்கொண்டே இருக்கும், உடல் சூட்டை உணர்ந்தால்தான் விழிக்கும். விழிப்பதற்குள் ஓரிரு நொடி நழுவிவிடும். வேகமாக வந்து போகிறவரின் முதுகு மட்டும் பதிவாகியிருந்தால் குற்றம் அதனுடையது அல்ல.

கரண்ட் போச்சுன்னா?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கேமரா அணைந்துபோவது சகஜம். ரவுட்டர் சொருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கியவர்கள் கேமராவை மறந்துவிடுவார்கள். இரண்டும் உயிரோடு இருந்தால்தான் படம் வரும். கேபிள்காரரின் தெருமுனைப் பெட்டியில் பேக்கப் இருக்கிறதா என்பதையும் இணைப்பு வாங்கும்போதே கேட்டுவிடலாம்.

நெட் அறுந்தாலும் பதிவு நிற்கக் கூடாது என்றால் கேமராவுக்குள் மெமரி கார்டு இருக்க வேண்டும். 128 ஜிபி கார்டில் 2 எம்பிபிஎஸ் பதிவு ஐந்தரை நாள் நிற்கும். பிறகு பழையதன் மேல் புதியது ஏறும். போனில் போடும் சாதாரணக் கார்டு இரவு பகலாக எழுதினால் சீக்கிரம் செத்துவிடும். ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று கேட்டு வாங்க வேண்டும். மெமரி கார்டு கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டுமான ஏற்பாடு அல்ல. வைஃபை அலையை முடக்கும் கருவிகளோடு திருடர்கள் வருவதாக லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை 2024-இல் எச்சரித்தது. இங்கே அவ்வளவு கூடத் தேவையில்லை, கம்பத்திலிருந்து தொங்கும் ஃபைபரை ஒரு கத்தரி போட்டால் முடிந்தது. கிளவுடை மட்டும் நம்பிய வீட்டில் அதற்குப் பிறகு எதுவுமே பதிவாகாது. கார்டு இருந்தால் அதில் இருக்கும், கேமராவையே கழற்றிக்கொண்டு போகாதவரை.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, மோட்டார் ரூம் வைத்திருப்பவர்கள் சிம் கார்டு போடும் 4ஜி கேமராவைச் சோலார் தகட்டோடு மாட்டுகிறார்கள். ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜில் 1 எம்பிபிஎஸ் படத்தை நேரலையாக நாலரை மணி நேரம்கூடப் பார்க்க முடியாது. அதன்பின் வேகம் வழக்கமாக 64 கேபிபிஎஸ்ஸாக இறங்கிவிடும். அதில் படம் நகராது. தோப்பில் கார்டில் பதிவு, அசைவுக்கு ஒரு புகைப்படம், தேவைப்பட்டால் மட்டும் நேரலை என்று வைப்பதே கட்டுப்படியாகும்.

அந்தக் கண் வழியே யார் பார்க்கிறார்கள்?

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் விற்பனைக்கு வந்தது அம்பலமானது. பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் அவை. காவல்துறை பல மாநிலங்களில் ஆட்களைக் கைது செய்தது. உள்ளே நுழைய உதவியது, கேமராவோடு வந்த அல்லது எவரும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு.

இது புதிய வித்தை அல்ல. 2016-இல் ‘மிராய்’ என்ற நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தே உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி, இணையதளங்களுக்கு முகவரிச் சேவை தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் தடுமாறின. தங்கள் வாசல் கேமரா அந்தப் படையில் இருந்தது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. யாருமே பார்க்காத நேரத்தில் வீட்டின் அப்லோடு காரணமின்றிக் கரைகிறது என்றால் அலட்சியம் வேண்டாம்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கம்பெனியே கோட்டைவிட்ட கதைகளும் உண்டு. அமேசானுக்குச் சொந்தமான ரிங் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான வீடியோக்களைப் பார்த்தார் என்று குற்றம்சாட்டிய அமெரிக்க வர்த்தக ஆணையம், 2023-இல் 58 லட்சம் டாலரை நிறுவனத்திடமிருந்து பெற்றது. 2024 பிப்ரவரியில் வைஸ் கேமராக்கள் ஒரு கோளாறிலிருந்து மீண்டபோது, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படங்கள் ஆப்பில் தெரிந்தன. படுக்கையறையில் இணையக் கேமரா வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு வாதம் தேவையில்லை.

இந்திய அரசு 2024 ஏப்ரலில் விதியைத் திருத்தியது. 2025 ஏப்ரல் 9 முதல் இங்கே விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதற்கு முன் வாங்கி மாட்டியவை நம் சுவர்களில் அப்படியே இருக்கின்றன.

---
பெட்டிச் செய்தி: சட்டம் எங்கே நிற்கிறது?

ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கூட்டாகக் குடியிருக்கும் வீட்டின் உள்பகுதியில், உடன் வசிப்பவரின் ஒப்புதல் இல்லாமல் கேமரா ஓடக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை.

காட்சியை வழக்கில் சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.
---

கடைக்குப் போகும் முன்

ஒரு வீட்டுக்கு எது சரி என்று கேட்டால், இத்தனைக்கும் பிறகு பதில் சிறியதுதான். பதிவு வீட்டுக்குள்ளேயே கார்டிலோ என்விஆர் என்ற பதிவுப் பெட்டியிலோ நடக்கட்டும். வெளியே போவது அறிவிப்பும், தேவைப்படும்போது பார்க்கும் நேரலையும் மட்டும் என்றால் சாதாரண 30 எம்பிபிஎஸ் ஃபைபரே நான்கு கேமராவைத் தாங்கும். 4கே கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு லேன் ஒயரும் ஒரு மினி யுபிஎஸ்ஸும் நல்ல கார்டும் வாங்கினால் அதிகம் பயன். மைனஸ் 75 சிக்னலில் 4கே கேமரா வைப்பவர், திக்கித் திக்கி வரும் துல்லியமான படத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்.

ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் கேமராக்களை அதில் ஒதுக்கிவிடலாம். வங்கிக் கணக்கு திறக்கும் போனும், எங்கிருந்தோ வந்த கேமராவும் ஒரே அறையில் படுக்க வேண்டியதில்லை. ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் போட்டுவிடுங்கள், சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்கெனவே கேமரா மாட்டியவர்கள் இன்றைக்கே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். ஆப்பில் கேமராவின் உரிமையாளராக இருப்பது யாருடைய கணக்கு? மாட்ட வந்தவர் அவசரத்தில் தன் எண்ணில் பதிந்துவிட்டு உங்களுக்கு ‘ஷேர்’ மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், உங்கள் வாசலை அவராலும் இந்த நிமிடம் பார்க்க முடியும். கேமராவை ரீசெட் செய்து, உங்கள் எண்ணில், உங்கள் பாஸ்வேர்டில் மறுபடி பதியுங்கள்.